நாணயம்

பின்லாந்தின் தெற்கே, ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள்,
இன்னும் கட்டாத கோபுரங்களின் லிஃப்டுகளை
நாங்கள் கீழ்நோக்கிச் சோதிக்கிறோம்.
அவ்வளவு உயரத்தைத் தரைக்குமேல் எழுப்ப
யாரிடம் காசிருக்கிறது?
ஆழம் ஏற்கெனவே தோண்டிக் கிடந்தது.

பெட்டி பாதாளத்துக்கு இறங்கி நிற்கும்.
பதிவுசெய்த பெண்குரல் கூசாமல் சொல்லும்:
"தொண்ணூற்றாறாம் தளம். காட்சி மாடம்."
கதவு திறந்தால் ஈரப் பாறை,
எட்டு டிகிரி குளிர், ஒற்றை பல்பு,
தைஸ்தோ மறந்துவிட்டுப் போன இடதுகைக் கையுறை.

அரை கிலோமீட்டரைத் தாண்டினால்
எஃகுக் கயிற்றுக்குத் தன்னைத் தானே சுமப்பதுதான் வேலை.
ஆட்கள் அதற்கு உபரி.
அதனால் இப்போது கரிநார்ப் பட்டை:
கறுப்பு, தட்டை,
பள்ளிக்கூடப் பையின் வார்போல.
வந்த அன்று ஒரு துண்டைத் தோளில் போட்டுப் பார்த்து
இதுவா தாங்கப்போகிறது என்றேன்.
தாங்குகிறது.

பகலெல்லாம் எடைக்கற்களே பயணிகள்.
ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ.
அவை கண்ணாடியில் தலை சீவுவதில்லை,
பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவதில்லை.
கயிறு அறுந்ததாக வைத்துக்கொண்டு விடுவோம்;
தண்டவாளத்தை பிரேக் கவ்வும்;
பாறையெல்லாம் ஒரு கிறீச்.
கற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கடைசி ஓட்டத்துக்கு நான் ஏறுவேன்.
எந்தக் கடையும் வாங்காத பழைய மார்க் நாணயம் ஒன்றைத்
தரையில் விளிம்பில் நிறுத்துவேன்.
வினாடிக்குப் பத்து மீட்டர்.
காது அடைக்கும்.
நாணயம் நிற்கும்.
அறிக்கையில் எழுதுவேன்: விழவில்லை.
கையெழுத்து, தேதி.

நான் குடியிருப்பது
அறுபத்தேழில் கட்டிய நாலு மாடி.
ஐம்பத்துநாலு படி. லிஃப்ட் கிடையாது.

நாலாம் மாடியில் ஹில்க்கா லௌனெலா.
வயது நாற்பத்தொன்று.
அக்டோபரிலிருந்து சக்கர நாற்காலி.
கடைசியாக அவள் கீழே வந்தது ஒரு ஸ்கேனுக்கு.
ஆம்புலன்ஸ் பையன்கள் இருவர் தூக்கி வந்தார்கள்.
பாதியில் ஒருவன் மூச்சுவாங்க நின்று
மன்னிப்புக் கேட்டானாம்.
வலியைவிட அந்த மன்னிப்புதான் பெரிய கொடுமை என்றாள்.

பிப்ரவரியில் கூட்டம்,
அடித்தளத்துத் துணி துவைக்கும் அறையில்.
லிஃப்ட் வைப்பதா வேண்டாமா.
பாதி அரசு மானியம், மீதி நம் தலையில்.
"தரையில் இருக்கிறவனுக்கு லிஃப்ட் எதற்கு?"
என்றார் கீழ்வீட்டு ஓஸ்மோ.
கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.
யாரோ ஏலக்காய் ரொட்டி சுட்டு வந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு இறங்கி வர ஹில்க்காவால் முடியவில்லை.
அவளுடைய வாக்குச்சீட்டையும் நான்தான் கொண்டுபோனேன்.
ஒரே கையில் இரண்டு சீட்டு.
ஒன்றில் வேண்டும் என்றிருந்தது,
ஒன்றில் வேண்டாம்.

இதைச் சொல்லத்தான்
சுரங்கம், கயிறு, கற்கள் என்று
இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.
என் வீடு இரண்டாம் மாடி.
என் பங்கு பதினாலாயிரம் யூரோ.
முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

ஒன்பதுக்குப் பதினொன்று.

நேற்று அவளுக்குப் பாலும் கம்பு ரொட்டியும்
பூனைக்கு மணலும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்தேன்.
எடை என்னவோ பதினோரு கிலோதான்.

"அந்த நாணயத்தைக் காட்டு, இர்மெலி" என்றாள்.
ஜன்னல் விளிம்பில் அவளே நிறுத்தினாள்,
நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு.
நின்றது.
வெளியே பனி, மிதிவண்டிக் கொட்டகை,
யாருடையதோ நாய்.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே ஓஸ்மோ கதவை அடித்துச் சாத்தினார்.

"அசையாத கட்டடத்தில் விழுந்துவிட்டதே!
எழுதிக்கொள், எழுதிக்கொள்" என்று சிரித்தாள் ஹில்க்கா.

நாணயம் ரேடியேட்டருக்கு அடியில் உருண்டு போனது.
எடுக்கக் குனிந்தேன்.
கைக்கு எட்டும் தூரம்தான்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
குனிந்தபடியே இருந்தேன்.