யோகட்டுக்குப் பக்கத்தில்

முதல் வருசம் கச்சான்; மயில் கிளறித் தின்றது.
அடுத்தது மரவள்ளி; அது பன்றிக்கு.
பயற்றங்காயை எண்ணி வைத்துவிட்டுப் படுத்தேன்,
விடிய, குரங்கு கொடியையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது.
இந்த முறை உள்ளி என்றேன்.
விசுவமடுச் சந்தியே சிரித்தது:
“இந்த வெயிலுக்கு உள்ளியோ? தாள்தான் வரும்.”

விவசாயப் போதனாசிரியை, சின்னப் பெட்டை, சொன்னாள்:
“பல்லுக்கு ஒரு குளிர்காலம் வேணும் அக்கா,
ஆறு கிழமையாவது.”

குளிர்காலம்
சூசைநாயகத்தின் கடையில் இருந்தது.
மேல்தட்டில் யோகட், கீழே சோடா.
கடதாசிப் பையில் ஒரு கிலோ கொடுத்தேன்,
ஏனென்று கேளாமல் வாங்கி வைத்தார்.
மூன்றாம் கிழமை யோகட் உள்ளி மணந்தது.
முகம் சுளித்த பள்ளிக்கூடப் பெடியளுக்கு
“புது ருசி” என்று சொல்லி விற்றாராம்.
கரண்ட் நின்ற ஓர் இரவு
சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்:
“உங்கட குளிர்காலம்
நாலு மணித்தியாலம் நிண்டுபோச்சு.”

மார்கழியில், மழை விட்ட ஒரு பகல் நட்டேன்.
இரண்டு விரல் ஆழம் போதும் உள்ளிக்கு.
அது எனக்குப் பிடித்திருந்தது.
வெடி அகற்றி வளவைத் தந்து பன்னிரண்டு வருசம்,
இன்னும் மண்வெட்டியை
மெல்லத்தான் வைக்கிறேன்.

தை மாதம் ஒரு தாட்டான் வந்து
ஒன்றைப் பிடுங்கிக் கடித்தது.
பழுதான சாமான் விற்ற கடைக்காரனைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தது.
பிறகு வரவில்லை.

பங்குனியில் அடித்தாள் மஞ்சளாக,
மேலே நாலு இலை பச்சையாய் இருக்கையிலேயே கிளப்பினேன்.
கழுவவில்லை. மண்ணோடு, பத்துப் பத்தாய்க் கட்டி
மோட்டார் சைக்கிள் விடும் கிடுகுக் கொட்டிலில் தொங்கவிட்டேன்.
சோளகம் எழும்ப இன்னும் நாளிருந்தது.
வயர் இழுத்து மேசை விசிறியை உள்ளிக்குப் போட்டு
நான் காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டு படுத்தேன்.
மூன்று கிழமை.
கழுத்துக் காய்ந்து, தோல்
பழைய காசோலை போலச் சரசரத்தது.

உரித்தால், பல் இல்லை.
ஒரே உருண்டை, பாக்களவு.
பிரிய மறந்துபோன உள்ளி.

“குளிர் காணாமல் போட்டுது” என்றார் சூசைநாயகம்,
தானே ஸ்விச்சை நிறுத்தியவர் மாதிரி.
“அந்த நாலு மணித்தியாலம்.”
இல்லை, மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது என்று
சொல்லியிருக்கலாம்.
ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கோ என்று
ஒரு கட்டுக் கொடுத்தேன்.

ஒற்றையை நட்டால் அடுத்த முறை பிரியுமாம்;
பெட்டை சொல்கிறாள்.
ஐப்பசி கடைசியில் பையோடு போனேன்.
மேல்தட்டில்
யோகட்டெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி
ஒரு பையளவு இடம்
வெறுமையாய்க் குளிர்ந்துகொண்டிருந்தது.