பயன்பாட்டுச் சான்றிதழ்

சுரபுன்னை விதை விழுவது ஐப்பசியில்.
பணம் வந்து சேர்ந்தது மாசியில்.

இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான்
என் இரண்டு வருட உத்தியோகம்:
மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறை,
சூடேறினால் அணைந்துவிடும் கணினி,
இழுக்க இழுக்க வலப்பக்கம் நீளும் எக்செல் தாள்.

மும்பையிலிருந்து அழைக்கும் அம்மாள்
அமலோற்பவம் என்ற என் பெயரை
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
அமல் என்று பாதியில் இறக்கிவைப்பாள்.
நல்லவள். மெய்யாகவே நல்லவள்.
மாமனார் சாயத்தில் சம்பாதித்ததில் கொஞ்சத்தைத்
தண்ணீருக்குத் திருப்பிவிட நினைத்தவள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
நேரடிப் பயனாளிகள் எத்தனை பேர்?
நண்டுகளைச் சேர்க்கலாமா என்றேன்.
சிரித்தாள்.
கொஞ்சம் கழித்து, வேண்டாம் என்றாள்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாக வேண்டும்.
விலைக்கு வாங்கினோம் நாற்று, பத்தாயிரம்,
லாரியில் வதங்கி வந்தது.
உப்பனாற்றுச் சேற்றில் தொடைவரை இறங்கி
அஞ்சலாட்சிதான் முதல் வரிசை நட்டாள்.
"மீன்முள்ளாட்டம் வாய்க்கா கீறாம
தண்ணி எப்பிடிம்மா உள்ள வரும்?"
வாய்க்காலுக்குத் தலைப்பு இல்லை, பட்ஜெட்டில்.
பெயர்ப்பலகைக்கு இருந்தது.
பதினெட்டாயிரம், துருப்பிடிக்காத எஃகு.

வைகாசியில் எண்ணினோம்.
நாற்று, நூற்றுக்குப் பதினொன்று.
பலகை, ஒன்றுக்கு ஒன்று.

பதினொன்று என்று எழுதாதே,
'வேரூன்றும் கட்டத்தில்' என்று எழுது என்றார் ஆலோசகர்.
எழுதினேன், அழித்தேன்,
ராத்திரி இரண்டு மணிக்குப் பதினொன்று என்றே அனுப்பினேன்.
மூன்று வாரம் மும்பை பேசவில்லை.
பேசியபோது அறக்கட்டளையின் கண்
சூரியத் தகடுகள் பக்கம் திரும்பியிருந்தது.

சாமான் கொட்டகைச் சாவியை ஒப்படைக்கப்
புரட்டாசிக் கடைசியில் போனேன்.
கோயில் முன்னால் ஊர்க்கூட்டம்.
படகுக்கு இவ்வளவு என்று
மீன் விற்றதில் பிடித்த மகமை,
தனவேல் மடியில் நீல நோட்டு.
இந்த வருஷம் கோபுரத்துக்கு வர்ணம் வேணாம்,
வாய்க்கா வெட்டிடலாம் என்றார் யாரோ.
மரம் வந்துட்டா படகை எங்க கட்டறது என்றார் இன்னொருவர்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
என் அறிக்கையிலும்
அந்தக் கேள்வி எந்தக் கட்டத்திலும் இல்லை.

பெண்கள் உட்காராத கூட்டம் அது.
மீன்கூடையை இடுப்பில் வைத்தபடி
வெளியே நின்றே அஞ்சலாட்சி கத்தினாள்:
"போன புயல்ல படக எங்க கட்டனீங்க?
எங்கூட்டு மேல கெடந்துச்சே!"

விடியும்போது இருபத்திரண்டாயிரம் ஒதுக்கினார்கள்.
ரசீது தரட்டுமா என்றேன், பழக்கதோஷம்.
"ஆடித் திருவிழாவுல மைக்குல படிப்போம்மா கணக்க.
ஒத்த ரூபா இடிச்சாலும் ஊரே எந்திரிக்கும்"
என்றார் தனவேல்.
மும்பைத் தணிக்கைக்கு இவ்வளவு பயந்ததில்லை நான்.

ஐப்பசியில் விதை தானாக மிதந்து வந்தது,
முருங்கைக்காய் மாதிரி, இலவசமாக.

அம்மா, இது சம்பளமில்லாமல் எழுதும் கடிதம்.
இருபத்திரண்டாயிரம் ஒரு வளைவுக்குத்தான் போதும்.
அக்கரைக்கோரி வரை கரை வெறுமையாகக் கிடக்கிறது,
அதற்கு மகமை காணாது,
உங்கள் லட்சங்கள்தான் வேண்டும்.
ஆவணியில் அனுப்புங்கள்.
மூன்று வருடத்துக்கு அனுப்புங்கள்.
செத்ததையும் எண்ண ஒரு கட்டம் போடுங்கள்.

இது தை.
இன்னும் எண்ணவில்லை.
இரண்டாவது முள் வரைக்கும்
நேற்று ஏற்றத்தில் தண்ணீர் போனதாம்.
பலகையைக் கழற்றிப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்;
நல்ல எஃகு, சீக்கிரம் சூடேறுகிறது,
உங்கள் மாமனார் பெயரின் மேல்
நெத்திலி காய்கிறது.