ஓ.பி. சீட்டு

வெள்ளக்கடையிலிருந்து காலை வண்டியில் வந்த ராமக்கா
ஜன்னல் கட்டைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள்.
குடும்ப அட்டை. ஆதார். சாதிச் சான்று.
வருஷத்துக்கு அறுபதாயிரம் என்று
வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த வருமானச் சான்று,
அதற்கு இரண்டு நகல்.
இறந்துபோன புருஷனின் வாக்காளர் அட்டை.

இதெல்லாம் வேண்டாம்மா என்கிறேன்.
ஆபரேஷன், காப்பீடு என்றால்தான் இது கேட்பார்கள்.
மாத்திரைக்கு ஓ.பி. சீட்டு போதும்.

நம்பவில்லை.
"பின்ன யாருக்குத்தான் சார் குடுப்பீங்க?"
தனக்கில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்ட குரல்.

யாருக்கு.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருந்தவர்,
கடன் முற்றி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுத வந்தவர்,
முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டு
ஆளெல்லாம் போனபின் வந்து நிற்பார்.
அவருக்கும் உண்டு.
ஜார்க்கண்டிலிருந்து காபி பறிக்க வந்த சுக்ராம்
ஊர் என்ன என்று கேட்டதற்கே
சீட்டை மடித்துக்கொண்டு திரும்பப் பார்த்தான்.
இருமலுக்கு ஊர் கிடையாது என்பதை
இந்தியில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
புட்டியைக் கையில் திணித்தேன்.

யாருக்கு இல்லை என்று கேட்டிருந்தால்
கொஞ்சம் யோசித்திருப்பேன்.

பழம் சிவந்து கிடக்கிற மார்கழியில்
ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு.
பதினெட்டாம் வளைவில் மண் சரிந்து
மருந்து வேன் கீழேயே நின்றுவிட்ட வாரம்
வந்தவர்களுக்கு.
ரத்த அழுத்த மாத்திரை அன்று ஒன்றுகூட இல்லை.
நாளை மறுநாள் வாங்க என்று
பதினான்கு பேரிடம் சொன்னேன்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
வராத ஐந்து பேரின் தகுதியில்
எந்தக் குறையும் இல்லை.
இருப்புப் பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை.

கத்தரியால் அட்டையை நறுக்குகிறேன்.
காலை ஒன்று, ராத்திரி ஒன்று,
முப்பது நாளுக்கு அறுபது.
அறுபதையும் என்னோடு சேர்ந்து
உதட்டுக்குள் எண்ணுகிறாள்.
"கையெழுத்து எங்க போடணும்?"
வேண்டாம்மா.
"ரேகையாவது?"

சான்றுகளை மஞ்சள் பைக்குள் திரும்ப அடுக்கியவள்
வருமானச் சான்றின் நகல் ஒன்றை மட்டும்
என் பக்கம் தள்ளுகிறாள்.
எதுக்கும் இருக்கட்டும் சார்,
நாளைக்கு யாராவது வந்து உங்களைக் கேட்டா.

காகித உறை தீர்ந்து இரண்டு நாளாயிற்று.
அந்த நகலையே இரண்டாகக் கிழித்து மடித்து
ஒன்றின்மேல் சூரியன் வரைந்தேன்,
மற்றதில் பிறை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
சூரியனுக்குள் தலைகீழாகத் தெரிந்தது
அறுபதாயிரம்.