அரைப்பேர்

மழைச்சீலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து
மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்குக் கொண்டுவந்தார்கள்
கீழ்ப்பிரிவின் கொழுந்துத் தராசை.
மூடியைக் கழற்றினேன்.
காய்ந்த கொழுந்து ஒன்று, கரப்பான் முட்டை,
நகமளவு கறுப்புச் சில்லு.

"மறக்குது" என்றார் வெளிக்கள உத்தியோகத்தர்.
கூட வந்த சந்தனமேரி சொன்னாள்:
"எல்லாத்தையும் மறக்கலைங்க.
எங்க கிலோவ மட்டுந்தான்."

இரண்டு நாள் அதோடு இருந்தேன். அவள் சொன்னது சரி.

கோணிக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற மூன்று கிலோ
பிளாஷில் இருந்தது, நிரலோடு நிரலாய்.
அங்கே ஓர் எண்ணைத் திருத்தப்
பக்கம் முழுவதையும் அழித்து எழுதவேண்டும்.
யாரும் மெனக்கெடுவதில்லை.
பெட்டரி இல்லாமலே இருபது வருஷம் இருக்கும் அந்த மூன்று.

பறித்த கிலோ ஈப்ரொமில்.
ஒவ்வொரு எண்ணாய் மாற்றலாம், ஓரிடத்தில் லட்சம் தரம்.
லட்சம் பெரிது என்று நினைத்திருப்பான் செய்தவன்.
இருநூறு பேர், நாளுக்கு மூன்று நிறுவை,
மொத்தத்தை எப்போதும் ஒரே அறையில் எழுதினால்
ஏழு மாதம். பிறகு அந்த அறை
பேனா பிடிக்காத நனைந்த காகிதம்.
எழுதவும் சில மில்லி செக்கன் கேட்கும்;
அதற்குள் பெட்டரி சாய்ந்தால்
பதினெட்டு பதினாறாகும்,
பேர் அரைப்பேராகும்.

என் டப்பாவில் ஓர் எஃப்ராம் கிடந்தது.
யாரோ கொழும்பிலிருந்து வருவிக்கச் சொல்லி
விலையைக் கேட்டதும் வராமல் போனார்.
நொடி காக்காது, கோடி கோடி தரம் தாங்கும்.
ஒரு விசித்திரம்:
வாசித்தால் அழியும்,
அழிந்த கையோடு தன்னைத் தானே திரும்ப எழுதும்.
எட்டுக் கால்களையும் ஈயத்தில் பற்றவைக்கையில்
சந்தனமேரியின் இடக்கை ஞாபகம் வந்தது.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
நீலப் பேனாவில் நாள்வாரியாய்க் கிலோக்கள்,
குளித்து மங்க மங்க
மேலே மேலே எழுதியவை.

காசைக் கொடுத்துவிட்டு
உத்தியோகத்தர் குரலைத் தணித்தார்:
"அந்த மூன்றை நாலாக்க முடியுமா?"
"பிளாஷ் சேர். சரியான கஷ்டம்" என்றேன்.
பொய். நாலு நிமிஷ வேலை.

அவர் பஸ் பார்க்கப் போன நேரம்
சந்தனமேரி தன் அரிசிப் பொதியைத் தூக்கித் தராசில் வைத்தாள்.
கடைக்காரன் கட்டிக்கொடுத்த ஐந்து கிலோ.
திரையில் 2.
பொதியை இறக்கினாள், வயரைப் பிடுங்கினாள்,
பத்து வரை எண்ணிவிட்டுச் செருகினாள்.
கணக்கில் அதே 2.

"இப்ப மறக்கலை" என்றாள்.
பேனாவை எடுத்துக்
கையில் இடம் தேடி எழுதினாள்:
5.