நாடா சொன்ன நீளம்

தேக்காவில் மாடிக்கடை, ஆறடிக்கு எட்டடி.
பகலெல்லாம் கால்சட்டை குறைக்கிறேன்.
நாடா இடுப்பில் பட்டதும்
எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.
ஒரு விரலை நாடாவுக்குள் விட்டுத்தான் அளப்பேன்.
அந்த ஒரு விரல் பொய்யில்
அவர்கள் பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

சனி இரவுகளில் பிடோக் படகுத்துறை.
தூண்டில், இறால், பிளாஸ்க்கில் தே ஓ.
அங்கே நேர் எதிர்.
மீனைக் கிடத்தி
வாலைக் குவித்து இழுப்பார்கள்
இல்லாத அரை அங்குலத்துக்கு.

ஒருகாலத்தில் வாளிக்கு மூன்று கொடுவா.
பிறகு மூன்று வாளிக்கு ஒன்று,
அதுவும் சட்டைப்பையில் போடுகிற மாதிரி.
ரய்சால்தான் சொன்னான், நாமே ஒரு அளவு வைப்போம்.
நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடலுக்கு.
கோ சியூ லான் தலையாட்டினாள்.
மிசானூர், கப்பல் பட்டறைக்காரர், கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு,
அறையில் எட்டுப் பேர்.
அப்புறம் கேட்டார்: "யாருடைய நாடா?"

என்னுடையது.

கைப்பிடிக் கம்பியில் நீல டேப் ஒட்டினோம்,
தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று.
(பெயின்ட் அடித்தால் அபராதம். நாங்கள்
மீனுக்கு மட்டும் சட்டம் போடுகிறவர்கள்.)
செவ்வாய்க்கிழமை துப்புரவுக்காரர் உரித்துவிடுவார்.
சனிக்கிழமை மறுபடி அளந்து ஒட்டுவேன்.

மூன்று மாதத்தில் திருப்பி விட்டவை பதினேழு.
சியூ லான் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறாள்.
அதில் ஒன்று நாற்பத்து நாலரை.
மிசானூர் படியிறங்கி
அதைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்,
செவுள் தானாக அடிக்கும்வரை.
பிறகு கையைத் திறந்தார்.
அன்றைக்கு அவருக்கு வேறெதுவும் மாட்டவில்லை.

கடைக்கு வந்த ஒருவர் என்னை நம்பாமல்
இரும்பு அளவுகோல் கொண்டுவந்தார்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பதினோரு வருஷம் ஊர் இடுப்பையெல்லாம் சுற்றி
என் நாடா நீண்டுபோயிருக்கிறது.
அது நாற்பத்தைந்து என்றால்
உண்மையில் நாற்பத்தாறே கால்.

மிசானூரின் மீன் முழு மீன்.
அவரிடம் சொல்லவில்லை.
கடைக்குப் புது நாடா வாங்கினேன்.
பழையது தூண்டில் பையிலேயே கிடக்கிறது.

சியூ லான் ஒரு இரவு வேறொன்று சொன்னாள்:
கொடுவா முதலில் ஆண்.
வருஷங்கள் போய், முழங்கை தாண்டி வளர்ந்தபின்
பெண்ணாகிறது.
"அப்போ பெரியதெல்லாம் அம்மாவா" என்றான் ரய்சால்.
நெஞ்சோடு அணைத்துப் படமெடுத்துக்கொண்ட மீன்கள்
ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன.
மாப்பிள்ளைகளைப் பத்திரமாய்த் திருப்பி அனுப்பிவிட்டு
பெண்களைக் குழம்பில் போட்டிருக்கிறோம்.

ஆக, கம்பியில் இன்னொரு கோடு.
எண்பதுக்கு மேலே போனாலும் கடலுக்கு.
இதற்குத்தான் சண்டை, இரண்டு வாரம்.
சின்னதை விட்டால் தர்மம் செய்த மாதிரி இருக்கிறது.
பெரியதை விட்டால்
தோற்றுப்போன மாதிரி.

போன சனி என் தூண்டில் வளைந்தது.
இருபது நிமிஷம். வலையில் ஏற்ற இரண்டு பேர்.
விளக்கடியில் அதன் கண்
அடுப்புத் தணல்.
நாடாவை விரித்தேன்.

எழுபத்தொன்பது.

"உங்களுக்குத்தான்!" ரய்சால் கைதட்டினான்.
யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள்.
என் கை அதன் வயிற்றின் மேல் இருந்தது,
கனமாய், ஈரமாய், இன்னும் மூச்சோடு.
அதன் உண்மை நீளம் அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

வாலைக் குவித்தேன்.
இழுத்தேன்,
எண்பதைத் தாண்டும்வரை.

"ஏய், இழுக்கிறீங்க" என்றாள் சியூ லான்.
மிசானூர் நாடாவைப் பார்க்கவில்லை.
என் விரல்களைப் பார்த்தார்,
பிறகு மீனின் தலைப்பக்கம் தூக்கிக்கொண்டு
படியிறங்கத் தொடங்கினார்.