கேட்பது மட்டும்

தாம்வே. பிற்பகல் ஒரு மணி. மின்சாரம் இல்லை.
அட்டவணைப்படி இது இருக்க வேண்டிய நேரம்.
அட்டவணையும் போய்விட்டது என்கிறான் கடைப் பையன்.

ஊ சோ பைங்கின் டாக்சி, வெள்ளை ப்ரோபாக்ஸ்,
வலப்பக்கம் ஸ்டீயரிங், வலப்பக்கமே ஓடும் ஊரில்.
முன்சீட்டுக்காரர் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும்.
எட்டு நாளாக வேகமுள் நினைத்தபோது விழுகிறது,
நினைத்தபோது எழுகிறது.

லேப்டாப்பில் பதினோரு சதம்.
டாக்சியின் பாட்டரியிலேயே கம்பி மாட்டி
இன்வெர்ட்டர் வழியே ஊட்டினேன்.
நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு
வைத்தியம் பார்க்கிற வைத்தியர்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்
உரிமம் சரிபார்க்க இணையம் கேட்டது.
இணையமாம்.
இன்னொன்று இருக்கிறது, இலவசம், அழகு கிடையாது.
கறுப்புத் திரையில் எல்லாம் நானே எழுதித் தர வேண்டும்:
எந்தப் போர்ட், என்ன வேகம், யாரைக் கேட்பது,
பதில் வராவிட்டால் எத்தனை மில்லிநொடியில் கைவிடுவது.

போன வாரம் ஒரு லாரிக்கு எழுதிய கோப்பு.
இருநூற்றைம்பது என்று அதில் இருந்தது.
பார்க்காமல் என்டர் தட்டினேன்.

டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் எரிந்தன,
இருப்பதே தெரியாத விளக்குகளும்.
ஊ சோ பைங் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார்.
ஐந்நூறில் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குள்
பாதி வேகத்துக் காதோடு நுழைந்து
யார் வாயெடுத்தாலும் தப்பு, தப்பு என்று வெட்டியிருக்கிறேன்.
ஒன்றுமில்லை என்றேன் அவரிடம், பர்மியத்தில்.
அடி பாவி என்றேன் தமிழில், எனக்கு.

பிடுங்கி, அணைத்து, திருத்தினேன். ஐந்நூறு.
கீழே இன்னொரு வரி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது:
கேட்பது மட்டும்: ஆம்.

இனிக் கருவி வாய் திறக்காது.
கதை கேட்கிறவர்கள் கொட்டும் ‘உம்’கூடக் கொட்டாது.
திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.
இன்ஜின், கதவு, ஏர்பேக், மறுபடி இன்ஜின்.
இரண்டு பேர் ஒரே கணத்தில் பேச எழுந்தால்
சின்ன எண் பேசும், பெரிய எண் தானே அடங்கும்,
யாரும் குரலை உயர்த்துவதில்லை.
எங்கள் வீட்டில் ஆறு பேர்.
ஒரு வேளைச் சோறுகூட இப்படி நடந்ததில்லை.

பிரேக் பெட்டி மட்டும் நடுநடுவே காணவில்லை.

அப்புறம்தான் பூட்டைத் திறந்து, கேட்கத் துணிந்தேன்.
கேள்வி போவது 7E0 என்ற பெயருக்கு,
பதில் வருவது 7E8 என்ற பெயரில். ஒரே இன்ஜின் பெட்டி.
கூப்பிட ஒரு பெயர், என்ன என்று கேட்க வேறொரு பெயர்.
புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.
நான் குழம்பியதில்லை.
அடையாள அட்டையில் மா சண்டார் வின்.
தெருமுனையிலிருந்து அம்மா கத்தினால் தங்கமயில்.

U0121 என்றது.
பிரேக் பெட்டியோடு பேச்சு அறுந்ததாம்.

பாட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன்.
அறுபது ஓம் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபது.
கம்பியை அசைத்தால் அறுபது. விட்டால் நூற்றிருபது.
இடது சக்கரத்துக்கு மேலே ஒரு கனெக்டர்,
ஆடி மழையில் நனைந்து, இரண்டு பின்னிலும் பச்சை பூத்து.
வினிகர், பழைய பல் பிரஷ், கால் மணி நேரம்.
இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார்.
இவ்வளவுதான்.

சாவி திருகியதும் வண்டிக்குள் ஜப்பானியப் பெண்குரல்.
ஆறு வருடமாக, தினமும் முதல் சவாரிக்கு முன்
அந்தக் குரலுக்கு அவர் கைகுவிக்கிறார்.
சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை
என்கிறாள் அவள்.
அதற்குரிய சாவடி நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

‘நல்லதுதானே சொல்கிறாள்?’
‘நல்லதுதான்.’

கோப்புக்கு அவர் பெயர் வைத்துச் சேமித்தேன்.
கேட்பது மட்டும் என்ற வரியை
மறுபடி ‘ஆம்’ ஆக்கினேன்.
கூலியில் கொட்டிப்போன டீக்காசைக் கழித்துக்கொண்டார்.