ஆவணி மாதப் பற்றுச்சீட்டு

அமிர்தசீலன் சேர் வெள்ளைப் பலகையில்
பிறபொருளெதிரி கீறினார்.
வாழைக்குலைக்கு முண்டு கொடுக்கிற
கவர்த்தடி மாதிரி, நாலைந்து.
தகரக் கூரைக்குக் கீழே ஆடி வெக்கை.
ஐம்பது பேருக்குத்தான் அனுமதி.
எண்பத்தாறு பேர் இருந்தார்கள்.
காசு வாங்குகிறவன் நான், எண்ணிக்கை எனக்குப் பிழைக்காது.

முன் வாங்கிலிருந்து லக்சாயினி கேட்டாள்:
"சேர், நீங்கள் ஊசி போட்டாச்சோ?"
மின்விசிறி ஒருதரம் அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் திரும்பிற்று.
"சோதினைக்கு வாற கேள்வியைக் கேளும் பிள்ளை."

பொழுதுபட முன்னம் கதை கோண்டாவிலைத் தாண்டிப் போய்விட்டது.
படலையடியில் மோட்டார் சைக்கிள்கள்.
"படிப்பிக்கிறது ஒண்டு, செய்யிறது வேறையோ?"
"அவற்றை தோள், அவற்றை விருப்பம்.
உங்கடை பிள்ளைக்கு மூண்டு ஏ வேணும், அதைப் பாருங்கோ."
"தோள் அவற்றை. விடுற மூச்சு ஆற்றை?"
கேட்டவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் கேட்டார்.
ஒருத்தர் மட்டும் மெல்ல:
"மண்டப வாசலிலை துவக்கோடை நிக்கிறாங்கள்.
பேரும் விலாசமும் குடுத்திட்டு
இன்னொருக்கா வரிசையிலை நிக்க என்னாலை ஏலாது."
ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

சேரும் தன் காரணத்தை வெளியில் சொன்னதில்லை.
எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

நான் போட்டவன். இரண்டும்.
அட்டையை லமினேட் பண்ணி
மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தவன்,
வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று.
வெள்ளி இரவு தொண்டை அரித்தது.
விடிய உடம்பு கணகணத்தது.
தடிமன் என்று எனக்கே சொல்லி
இரண்டு பனடோல் விழுங்கினேன்.
சனிக்கிழமைதான் காசு வருகிற நாள்.
திறந்தேன்.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
தாள்களை எண்ணினேன்,
மிச்சம் கொடுத்தேன்.

லக்சாயினியின் தகப்பன் தவராசா மணல் லொறி ஓடுகிறவர்.
இரண்டு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு
ஊசிக்கு வரிசையில் நின்றவர்.
முதல்நாள் மத்தியானமே முடிந்துவிட்டது.
மற்றநாள் அவருக்குப் பதினொரு பேர் முன்னால் முடிந்தது.
"பத்து நாளாலை வாங்கோ" என்றார்களாம்.
பத்தாம் நாள் அவர் பெரியாஸ்பத்திரியில்
குப்புறப் படுத்திருந்தார், மூக்கில் குழாயோடு.

ஊர் சேரைச் சொன்னது.
அவர் இருந்த அறையின் வீட்டுக்காரர்
சாமான்களை எடுக்கச் சொன்னார்.
சேருக்குப் பரிசோதித்தபோது ஒன்றுமில்லை என்று வந்தது;
அந்தச் செய்தியை மட்டும் ஒருவரும் காவித் திரியவில்லை.
என்னைப் பரிசோதிக்க ஒருவரும் கேட்கவில்லை.
நானும் போகவில்லை.
போட்டவன்தானே.

ஐப்பசியில் திறந்து பலகையைத் துடைத்தேன்.
கவர்த்தடிகள் போகவில்லை.
அன்றைக்கு அவர் கையில் அகப்பட்டது அழியாத மை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், மங்கின.
புதுச் சேர் அவற்றுக்கு மேலேயே
தாவர இழையம் கீறுகிறார்.

தவராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.
படலைக்கும் மேசைக்கும் இருபது அடி.
இரண்டு இடத்தில் நின்றார்.
இந்த மாதக் காசைத் தந்தார்.
பிறகு சேட்டுப் பையிலிருந்து, தனியாக மடித்து,
இன்னும் மூன்று ஐந்நூறு.
"இது ஆவணிக்கு."
மூடியிருந்தது அண்ணை, என்றேன்.
"மூடினாலும் பிள்ளையின்ரை பேர் இடாப்பிலை இருந்ததுதானே.
எனக்கு ஆற்றையும் கடன் வேண்டாம்."
இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு.

கண்ணாடிக்குக் கீழே என் அட்டை,
மேலே ஊன்றியபடி அவர் கை.

துண்டு எழுதினேன். திகதி போட்டேன்.
'பெற்றுக்கொண்டவர்' என்ற கோட்டில் கையொப்பம் வைத்தேன்.
மூன்று தாள்தான், பார்த்தாலே தெரியும்.
எண்ண எடுத்தேன்.
பழக்கத்தில் விரல்
நாக்குக்குப் போனது.